திங்கட்கிழமை முறை: லூர்து மதினியோடு திண்டுக்கல்லுக்கு

இந்தத் தளத்தில் இதுவரை அணைகளையும் கோட்டைகளையும் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆத்தூர் அணைக்குப் போய்வந்த கதையைப் படித்துவிட்டு, எந்தப் பேருந்தில் ஏறுவது, எங்கே சாப்பிடுவது என்று இன்றைக்கும் யாராவது கேட்டு எழுதுகிறார்கள். இந்தப் பதிவும் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பிய பயணம்தான். ஆனால் பார்க்க எதுவும் கிடையாது. சிறுநீரகம் செயலிழந்த ஒருவரை, கையில் காசில்லாத ஒருவரை, சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துப்போய்த் திரும்புவது. ஒரு வழிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். இந்தப் பயணம் போகவேண்டியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது போன வருடம் வரை எனக்குத் தெரியாது. அவர்களுக்காக எழுதுகிறேன்.

லூர்து என் அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்து ஏழு வருடமாகிறது. அதற்குப் பிறகு மதினி சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மல்லிகைப்பூ எடுக்கப் போய் மகள் ஜெனியை வளர்த்தார். ரத்தக்கொதிப்பு இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறது. கால் வீங்கி, சாப்பாடு இறங்காமல் போய்ப் பரிசோதித்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், திங்களும் வெள்ளியும். அரசு காப்பீட்டில் இலவசம். இதை நான் பெரிய நிம்மதியோடு கேட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. காசு கேட்காமல் செய்கிறார்கள், இனி என்ன கவலை என்று நினைத்தேன்.

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை ஜெனி அழைத்தாள். நூற்பாலையில் வேலை பார்க்கிற பெண், இருபத்திரண்டு வயது.

"அத்தை, இந்த வெள்ளிக்கிழமை மட்டும் அம்மாகூடப் போய்ட்டு வாரீகளா? மில்லுல இன்னொரு லீவு கேட்டா வரவே வேணாம்னு சொல்லிருவாக."

கூட ஆள் இல்லாமல் போனால் ஊசி குத்தமாட்டார்கள். அது அங்கே விதி, நியாயமான விதியும்கூட. நான் திருச்சியிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலமே போய்ச் சேர்ந்தேன்.

காலை ஐந்தரைக்கு நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எங்கள் இருவருக்கும் செலவில்லை. மதினி அண்ணனுடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். வீங்கின காலுக்கு அவருடைய செருப்பு நுழையவில்லை. பேருந்தின் பின்பக்கம் முழுக்கப் பூ மூட்டைகள், திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகிறவை. ஈரத்துணிக்குள்ளிருந்து மல்லிகை வாசனை எழுந்து மூச்சை அடைத்தது. மதினியோடு பூ எடுத்த பெண்கள் இரண்டு பேர் முன்சீட்டை ஒழித்துக்கொடுத்தார்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் அவரால் சாய முடியவில்லை, சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது. முன்னால் குனிந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். செம்பட்டி தாண்டியதும் என்னிடமிருந்த பாட்டிலை வாங்கி, மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நாக்கை நனைத்துக்கொண்டார்.

"இளநி குடிக்கணும் போல இருக்கு அமலா. குடிச்சா செத்துருவேன்னு சொல்லிருக்காக" என்றார். வெளியே இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு ஓடிக்கொண்டிருந்தது.

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். நடக்கிற தூரம்தான், நமக்கு. மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இருக்கிறவர்கள் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இருக்கிற மிஷின்களை வைத்துக்கொண்டு, அவர்கள் ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

உள்ளே போனதும், உடம்பில் எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறது என்று தெரிய எடை பார்த்தார்கள். பிறகு மதினியைப் படுக்க வைத்துக் கையில் இரண்டு ஊசி குத்தினார்கள். நான்கு மணி நேரம் ஆகும், வெளியே இருங்கள் என்றார்கள். நடையில் ஒரு நீள பெஞ்சு. அதில் ஏற்கெனவே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. முகம் ஊதி, தோல் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. பெயர் வேலுச்சாமி, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசித் தெரிந்துகொண்டது. முதலில் அவர்தான் பேச்சுக் கொடுத்தார்.

"ஏனுங்க, இப்ப உள்ள போனாங்களே லூர்தம்மா, அவங்களுக்கு நீங்க என்ன வேணுமுங்க?"

"நாத்தனார்."

அவர் பெஞ்சில் சற்று என் பக்கமாக நகர்ந்தார். "வர்ற திங்கக்கிழமை அவங்க வருவாங்களாங்க?"

"வருவாங்களே. திங்களும் வெள்ளியும் அவங்க முறைதானே?"

அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார், பேசாதே என்பதுபோல. அவர் கேட்கவில்லை. "இல்லீங்க, ரெண்டு மாசமா அவங்க திங்கக்கிழமை வர்றதில்லைங்க. வராதன்னைக்கு அந்த மிஷின்ல எனக்குப் போடறாங்க. எனக்குன்னு இன்னும் முறை வரலைங்க, பேரு எழுதி வெச்சிருக்காங்க. வந்து உக்காந்து பாத்துட்டு, அவங்க வந்துட்டா திரும்பிப் போயிருவோமுங்க. முன்னாடியே தெரிஞ்சா பஸ் ஏறாம இருக்கலாம். அதுக்குத்தான் கேட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

இன்றைக்கும் யாராவது வராமல் போவார்களா என்று பார்க்கத்தான் அவர்கள் விடியற்காலையில் கிளம்பி வந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை மதினி வருவதில்லை என்று ஜெனி என்னிடம் சொன்னதில்லை. ஒருவேளை ஜெனிக்கே தெரியாதோ? இரண்டு மணி நேரம் கழிந்திருக்கும். நர்ஸ் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். உள்ளே மதினி கால் நரம்பு இழுத்துக் கத்திக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. மிஷினை மெதுவாக ஓடவிட்டு, இன்னொரு நர்ஸ் அவருடைய பாதத்தைத் தன் வயிற்றில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். அடங்குவதற்குப் பத்து நிமிடம் ஆனது.

"ஆறு கிலோ தண்ணி ஏத்திட்டு வந்திருக்காங்க" என்று நர்ஸ் என்மேல் பாய்ந்தார். "வாரத்துக்கு ரெண்டு தடவை எடுக்க வேண்டியதை ஒரே தடவைல எடுத்தா இதயம் தாங்குமாம்மா? வீட்ல சொல்ல மாட்டீங்களா? இலவசமாத்தானே செய்யறோம், அதுக்கு வர்றதுக்கு என்ன?"

மதினி கண்ணை மூடிக்கொண்டார்.

பதினொன்றரைக்கு மேல் ஊசியை எடுத்தார்கள். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு மதினி மெல்ல நடந்துவந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றார். வேலுச்சாமி எழுந்துவிட்டார்.

"திங்கக்கிழமை நீங்களே வாங்க தம்பி. இனிமே வந்து காத்துக் கெடக்க வேணாம். நர்சம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

வேலுச்சாமி கும்பிட்டார். அவர் மனைவி முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர்களைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்ததா, கோபம் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் பேருந்தில் கூட்டமில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணுக்கு மறைந்தது. பிறகு கேட்டேன்.

"ஜெனிக்கிட்ட என்ன சொல்லிருக்கீங்க மதினி?"

"வாரம் ஒரு தடவை போதும்னு டாக்டர் சொன்னாகன்னு சொல்லிருக்கேன்."

"நிஜமா அப்படிச் சொன்னாங்களா?"

"எந்த டாக்டரு சொல்லுவாக?" என்றார். "அவ ரெண்டு நாளு லீவு போட்டா மில்லுல விட்டுருவாகளா? வேலையை விட்டு நிப்பாட்டிட்டா அவ எங்கிட்டுப் போவா? எனக்கு வைத்தியம் குடுக்கிறாக, பஸ்ஸு குடுக்கிறாக. எம்மவ பொழப்புக்கு யாரு குடுப்பா?"

"உசுரு போயிரும் மதினி."

"அந்தத் தம்பிக்கு ரெண்டும் சின்னப் புள்ளைக அமலா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. செம்பட்டி வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். காலையில் சாயவே முடியாதவர், இப்போது தண்ணீர் இறங்கியிருந்ததால் நிம்மதியாக மூச்சுவிட்டுத் தூங்கினார்.

அன்று சாயங்காலம் மில் வண்டியிலிருந்து இறங்கிய ஜெனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். "எனக்காகவாம்மா?" என்று மட்டும் கேட்டாள். மதினி அடுப்படிக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஜெனி லீவு சொல்லாமலே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த மிஷினில் வேலுச்சாமி படுத்திருந்தார். ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். "அவங்களே வேணாம்னு சொன்னதால இவருக்கு நிரந்தரமா மாத்தியாச்சும்மா. இனி திங்கக்கிழமைக்கு உங்க பேரை எழுதித்தான் வைக்கணும். முன்னாடி பதினோரு பேர் இருக்காங்க."

ஜெனி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அந்தாளை எந்திரிக்கச் சொல்லச் சொல்றீகளா அத்தை?" என்று என்னைக் கேட்டாள். உள்ளே வேலுச்சாமி எங்களைப் பார்த்துவிட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் நாங்கள் சும்மா இருக்கவில்லை. மதுரையில் கேட்டோம், திருச்சியில் கேட்டோம். அங்கேயும் காத்திருப்பவர்கள். திண்டுக்கல்லிலேயே ஒரு தனியார் இடத்தில் காசு கட்டி நான்கு திங்கட்கிழமை செய்தோம். முதல் இரண்டு வாரம் நான், அடுத்த இரண்டு வாரம் ஜெனியே கூடப் போனாள். அந்த மாதக் கடைசியில் மில்லில் அவளை நிறுத்திவிட்டார்கள். ஐந்தாவது திங்கட்கிழமை மதினி பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"தீர்ற சீக்கா இருந்தா கட்டலாம்" என்றார் என்னிடம். "இதுக்கு எம்புட்டு நாளைக்குக் கட்டுவ? போ அமலா, உம் பிள்ளைகளைப் பாரு."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை முறை மட்டும்தான். ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே வந்துவிட்டது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். திண்டுக்கல் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஜெனியின் கையைப் பிடித்தபடி போய்விட்டார். ஐம்பது வயது ஆகவில்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் வேலுச்சாமி வந்திருந்தார், மனைவியோடு. அன்று திங்கட்கிழமை. காலையில் டயாலிசிஸ் முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறார், கையில் கட்டு இருந்தது. கூட்டத்தோடு சேராமல் சுவரோரமாக நின்றார். எல்லோரும் மண் போட்டு முடித்த பிறகு என்னிடம் வந்தார். முகத்தில் ஊதல் வற்றியிருந்தது, நிறம் திரும்பியிருந்தது.

"இன்னைக்கு நர்சம்மா சொன்னாங்க" என்றார். "வெள்ளிக்கிழமையும் எனக்கே குடுத்துட்டாங்களாமுங்க."

ஜெனிக்கு இது காதில் விழுந்தது. அவள் அவரைத் திட்டுவாள் என்று பயந்தேன். "விடாமப் போங்க அண்ணே" என்றாள். மனைவி அவரைத் தாங்கிக்கொண்டு போனார்.

என் கணவர் நல்ல மனிதர். அவர் சொன்னார், "எல்லாமே இலவசமாகக் கொடுத்தும் போகாமல் இருந்தால் அரசாங்கம் என்ன செய்யும்?" பலர் இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். நானும் கேட்டிருப்பேன். மதினிக்கு யாரும் வைத்தியத்தை மறுக்கவில்லை. ஆனால் ஒரு மிஷினும் இரண்டு நோயாளியும் இருக்கிற இடத்தில், கூட வருகிறவள் வேலையை இழக்கவேண்டிய இடத்தில், கொடுக்கப்பட்டது உரிமை இல்லை. உரிமை என்றால் இன்னொருவர் சாகக் காத்திருக்க வேண்டியதில்லையே. காசுள்ளவர் யாரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது உரிமை என்று யாரும் சொல்லவேண்டிய தேவையே இல்லை. ஏழைக்கு மட்டும் அது தயவு, தயவுக்கு வரிசை. மாறும் என்று எழுதி முடிக்க ஆசைதான். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை முதல் நகரப் பேருந்தைப் பிடியுங்கள், உட்கார இடம் கிடைக்கும். புறநகர்ப் பேருந்தில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. காப்பீட்டு அட்டை, ஆதார், குடும்ப அட்டை மூன்றின் நகலும் பையிலேயே இருக்கட்டும். போர்வை கொண்டுபோங்கள், மிஷின் ஓடும்போது உடம்பு குளிர்ந்து நடுங்கும். சாப்பிடக் கட்டிக்கொண்டு போங்கள். கூட வருவதற்கு இரண்டு பேரையாவது மாற்றி மாற்றி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், ஒரே ஆள் தலையில் சுமத்தாதீர்கள். நோயாளி என்ன சொன்னாலும் மாதம் ஒரு முறை நீங்களே டாக்டரைப் பார்த்துக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்களுக்குக் கிடைத்த முறையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளியே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுங்கள்.