தம்பியைப் பழக்கிய கோடை

என் தம்பியை நடக்கப் பழக்கியது அப்பா. அம்மா இல்லாமல் இருக்கப் பழக்கியது நான். இதை இன்றைக்கும் எந்தச் சபையிலும் தயங்காமல் சொல்வேன்.

நான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், களம்பூரில் ஒரு மருத்துவமனையில் அம்மாவுக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பே படித்த படிப்பு. வெள்ளை உடுப்பில் அம்மா ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது, கூடப் போன என்னைத்தான் தெருவே பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன்.

தம்பிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அப்பா வீட்டிலேயே பட்டு நெய்பவர். "தறியில உக்காந்தா கையும் காலும் ஒண்ணா ஓடுது. இவன் தவழ்ந்து வந்து நூலப் புடிச்சி இழுத்தா நான் இன்னா பண்றது?" என்றார். அதனால் அடுத்த தெருவில் ஓர் அக்கா தன் வீட்டு முன்னறையில் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் விடுவது என்று முடிவாயிற்று.

"ஒரு வாரம் பாக்கறேன். அழுதுகினே இருந்தான்னா வேலைய உட்டுடுவேன்" என்றாள் அம்மா.

அந்த வெள்ளை உடுப்பு போய்விடுமே! நானும் காப்பகத்துக்கு வருவேன் என்று அடம்பிடித்தேன்.

முதல் நாள் அம்மா வாசலைத் தாண்டியதும் தம்பி அழுத அழுகையில் மற்ற குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. என் பாவாடையைப் பிடித்த பிடியை அவன் விடவேயில்லை. கால் மரத்துப்போயும் நான் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அக்கா என்னைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தார். அப்புறம் வாசல்படிக்கு. தம்பி தவழ்ந்து வந்து என் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் விளையாடுவான். போகப்போகத் தொடவும் வரவில்லை. தலையைத் தூக்கி, நான் இருக்கிறேனா என்று பார்ப்பதோடு சரி. ஒரு நாள் அக்காவின் தோளிலேயே தூங்கிப்போனான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று மாலை அம்மா வந்தாள். அதுவரை டம்ளரைத் தரையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி வீறிட்டான். அம்மாவின் முகம் வாடிவிட்டது. "பகலெல்லாம் இப்டிதான் அழுதானா?"

நான் குறுக்கே பாய்ந்தேன். "இல்லம்மா, ஜாலியா சிரிச்சிகினு இருந்தான். உன்னப் பாத்ததும்தான் அழறான். நீ வராத, நானே இட்டுகினு வரேன்!"

அக்கா சிரித்துவிட்டார். "பொண்ணு சொல்றது நெஜந்தாங்க. பகலெல்லாம் அடக்கி வச்சிகினு இருந்தத உங்ககிட்டதானே காட்டுவான்? எங்ககிட்டயா காட்டுவான்?"

அம்மா படியிலேயே உட்கார்ந்து அவனை வாரி அணைத்துக்கொண்டாள். வேலையை விடும் பேச்சு அதன்பின் எழவேயில்லை. இன்றும் அதே மருத்துவமனையில்தான் இருக்கிறாள். இப்போது புதிய நர்ஸுகளுக்கு அவள்தான் தலைவி.

பள்ளி திறந்ததும் தோழிகளிடம் என் சாதனையை அளந்து தள்ளினேன். சாயங்கால அழுகையை மட்டும் சொல்லவில்லை. அது என் பயிற்சியில் விழுந்த ஓட்டை என்று எண்ணியிருந்தேன். அம்மாவோ அதற்காகவே வேகமாக நடந்து வருவாள். அவன் கண்ணில் அவள் பட்டு, அந்த வீறிடல் கிளம்பியதும், களைத்த முகம் அப்படியே மலர்ந்துவிடும். பெற்ற பிள்ளை அழுவதைக் கேட்டு ஒருத்தி ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்று எனக்குப் புரியவேயில்லை.