சிங்களத்தில் என் மனைவி சொன்னது

கொழும்பு, புதுக்கடை நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடங்கள் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்வது என் வேலை. ஓய்வுபெற்று வெள்ளவத்தை வீட்டில் சும்மா இருந்தபோது, ஆவணப்படம் எடுக்கும் ஒரு சிங்களப் பெண் தேடி வந்தாள். மனிதர்கள் எதற்காக வாழ்கிறார்கள் என்று எல்லாரிடமும் கேட்கப்போகிறாளாம். தமிழரிடம் கேட்க நான் வேண்டுமாம். எங்கள் பக்கத்துக் காலி வீதிக் கடைகளுக்கு எல்லாரும் புடவை வாங்க வருவார்கள், வாழ்வின் அர்த்தம் தேடி வந்தவள் இவள் ஒருத்திதான். பொழுது போகுமே என்று ஒத்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தொழிலாளிகள் பிள்ளைகளுக்காக என்றார்கள். கோயில் வாசலில் நின்றவர்கள் கடவுளுக்காக என்றார்கள். எல்லாம் நாலு நாளில் அலுத்துவிட்டது. கடைசி நாள் மழை. எங்கள் வீட்டில் ஒதுங்கியிருந்தபோது, தேநீர் கொண்டுவந்த என் மனைவியிடமும் கேட்போம் என்றாள் அந்தப் பெண்.

மனைவி ஹவுஸ்கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு கமெராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நானே கேட்டேன். குடும்பத்துக்காக என்பாள், தேநீர் ஆறுமுன் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

“ஒண்டுக்கும் இல்லை. விடிஞ்சா எழும்புறன், சமைக்கிறன். இவர் பேப்பர் வாசிப்பார். ஒரு சொல் கதைக்க ஆளில்லை. படுக்கேக்க, நாளைக்கு எழும்பாம விட்டா நல்லது எண்டு நினைப்பன். கனகாலமா அப்பிடித்தான்.”

தேங்காய் விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீதவானையே கெட்ட வார்த்தையால் ஏசியவனின் பேச்சைக்கூட ஒரு சொல் குறையாமல் சொன்னவன் நான். அன்று, “இவருக்காகத்தான் உயிரோடு இருக்கிறேன் என்கிறா” என்று சிங்களத்தில் சொன்னேன். பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

மனைவியை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் அப்படிச் சொல்லவில்லை. மானம் போய்விடும் என்ற பயம்தான். பக்கத்தில் படுத்திருப்பவள் சாவை நினைத்துக்கொண்டு கண்மூடுகிறாள், அது எனக்குத் தெரியவில்லை என்பதை ஊரான் பிள்ளை அறிந்துவிடக்கூடாது. இப்படியும் ஒரு மனிதன்.

பிறகு அதைப்பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் பேப்பரைச் சமையலறையில் உட்கார்ந்து வாசித்தேன். மூன்றாம் நாள் முன்னறையில் நான் உட்காரும் பழைய கதிரைக்கே போய்விட்டேன்.

சில மாதங்களில் ஒரு சிறிய மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். திரை முழுக்க மனைவியின் முகம், அவளுடைய குரல், அடியில் சிங்கள எழுத்தில் என்னுடைய பொய். கடையில் பேசுமளவுக்கு அவளுக்குச் சிங்களம் வரும், எழுத்துத் தெரியாது. சுற்றிவர மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. முடிந்ததும் முன்பின் தெரியாத ஒரு சிங்கள மூதாட்டி வந்து அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது முச்சக்கர வண்டியில் மனைவி தானாகவே பேச்செடுத்தாள். அவள் அவ்வளவு பேசிக் கேட்டுப் பல வருடங்கள்.

“எல்லாருக்கும் விளங்கியிருக்கு, என்ன? அந்த மனுசி என்ர கையை விடவேயில்லை.”

“ஓம்.”

“அண்டைக்குப் பிறகு நீங்கள் ஒரு வார்த்தை கேக்கேல்லை எண்டு எனக்குச் சரியான கோவம். மாத்திச் சொல்லியிருப்பியளோ எண்டும் பயந்தனான். நான் சொன்னதை அப்பிடியே சொல்லியிருக்கிறியள். அது போதும் எனக்கு.”

“ஓம்” என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.