அடுப்போரம் வைக்கும் கறுப்பு பீர்

டிக்கோயா மதுக்கடையில் கம்பி வலைக்குப் பின்னால் நிற்பவர், எனக்கு முன்னால் நிற்கும் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். "பொம்பளைங்களுக்குக் குடுக்க ஏலாதுக்கா. சட்டம்."

அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார். இடுப்பில் கட்டிய சாக்கிலிருந்து மழைநீர் இன்னும் சொட்டுகிறது. வரிசையை விட்டு அவர் நகரவில்லை. திரும்பி என் கையில் காசைத் திணிக்கிறார்.

"தம்பி, நீங்க வாங்கிக் குடுங்க. கறுப்பு பீர்."

பின்னால் ஒருவர் சிரிக்கிறார். "ஏன், வீட்டுக்காரர அனுப்பலாமே?"

"அவர அனுப்புனா வெள்ளை பீர்தான் வரும். அது வெறும் தண்ணி. எனக்கு எதுக்கு?"

நான் கம்பிக்குள் குனிந்து, நல்ல குளிராக ஒரு ஸ்டவுட், அந்தக் கறுப்பு பீர், கேட்கிறேன். அக்கா என் தோளைத் தட்டுகிறார்.

"ஐயோ, பிரிட்ஜில வச்சது வேணாம்! நாள் பூரா குளிர்லதானே நிக்கிறேன். அடுப்போரமா கொஞ்ச நேரம் வச்சுக் குடிக்கணும் தம்பி. கருக வறுத்த காப்பி மாதிரி கசக்கும், கடைசில லேசா இனிக்கும். அப்பதான் ஒடம்புல சூடு ஏறும்."

கடைக்காரர் போத்தலைப் பழைய பேப்பரில் சுற்றித் தருகிறார். "மறைச்சுக் கொண்டு போங்கக்கா. நாலு பேர் பாப்பாங்க."

அக்கா பேப்பரைப் பிரித்துக் கம்பி வழியாகத் திருப்பிக் கொடுக்கிறார். எதுவும் சுற்றாத போத்தலைக் கையில் பிடித்தபடி, கூட்டமாக நிற்கும் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடக்கிறார்.

"கொழுந்து மூட்டைய நான் மறைச்சா தூக்குறேன்? அதையும் நாலு பேர் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறாங்க!"