ரதி வேடத்தில் ஓர் அண்ணன்

கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எப்போதோ எடுத்த காமன் கூத்துப் படச்சுருள் ஒன்று என் கைக்குக் கிடைத்தது. மன்மதன் எரிந்துபோக, ரதி புலம்பும் கூத்து. சத்தமில்லாத கறுப்பு வெள்ளைப் படம். ஆடுபவர்களின் முகங்களில் கணினியில் வண்ணம் ஏற்றி, கொழுந்துச் சாக்குகளைத் தைத்துச் செய்த திரையில் ஓடவிட்டேன். கண்டியில் அதுதான் என் முதல் கண்காட்சி.

ஒரு மாலை, வயதான அம்மா ஒருவர் மகளோடு வந்தார். ரதி ஆடும் காட்சியில் திரைக்கருகே போய் நின்றுவிட்டார்.

"இது எங்க அண்ணன். எங்க தோட்டத்துல பொம்பள வேசம் அவருதான் கட்டுவாரு. தோட்டத்து ஆளுகள இந்தியாவுக்கு அனுப்புன ஒப்பந்தத்துல போனவரு. போய்ச் சேந்த தகவல்கூட வரல. ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்ல."

என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மொகத்துல இருக்க சாயத்த எடுக்க முடியுங்களா?"

"முடியும்மா."

நான் ஏற்றிய வண்ணங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். கடைசியில் பழைய படம் மட்டும் மிஞ்சியது. அதிலும் அந்த முகத்தை அரிதாரம் மூடியிருந்தது. முழுச் சுருளையும் ஓட்டித் தேடினேன். வேடமில்லாத முகம் எங்குமே இல்லை.

"இவ்வளவுதாம்மா இருக்கு."

"அவரு மொகம் எனக்கு மறந்து போச்சு தம்பி. அதுக்குத்தான் கேட்டேன்."

மகள் அவர் கையைப் பிடித்து மெல்ல அழைத்துப் போனாள்.

இப்போதும் பழைய படங்களை வைத்து வேலை செய்கிறேன். ஆனால் ஒரு முகத்தில் வண்ணம் வைக்கப் போகும்போது, இதை யாராவது தேடிக்கொண்டிருப்பார்களோ என்று கை தயங்குகிறது.