மார்பில் கட்டிய மல்லிகை

மானாம்பதிப் பக்கத்தில் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் கண்ணகிக்குத்தான் போன் போடுவார்கள். தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு விடிவதற்குள் சேற்றில் இறங்கிவிடுவாள். வரப்பில் நிற்கிற நிலத்துக்காரரையே, "ஓரமா நில்லு நைனா, நாத்துக்கட்டு மேல வந்து வுழும்" என்று விரட்டுகிற வாய் அவளுக்கு. அந்த வாய் மாசி மாதத்திலிருந்து மூடிக் கிடந்தது. இடது மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் புற்று என்று சொல்லி, பெரியாஸ்பத்திரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள். அக்குளிலிருந்தும் எதையோ வழித்தெடுத்தார்களாம்.

அவள் அழவில்லை. "அழுதுடு, பாரம் கொறையும்" என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்லிப் பார்த்தாள். அழுகை வந்தால்தானே அழ! வெட்டிய இடத்தைச் சுற்றித் தோல் மரத்துப்போயிருந்தது. தொட்டால் வேறு யார் மேலேயோ கை வைத்த மாதிரி இருந்தது. மனசும் அப்படித்தான். சாப்பிட்டாயா என்று கணவன் தேவராஜ் கேட்டால் "ம்" என்பாள். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

நீர் வடிவதற்காக விலாவில் வைத்திருந்த டியூபை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் தையலுக்குக் கீழே வீங்கத் தொடங்கியது. முதலில் எலுமிச்சம்பழம் அளவு, அப்புறம் உள்ளங்கைக்கு அடங்கவில்லை. திரும்பிப் படுத்தால் உள்ளே என்னவோ தளும்பியது. நோய் திரும்ப வந்துவிட்டது என்று நினைத்தாள். பதறி நினைக்கவில்லை. உத்திரமேரூர் பஸ் வந்துவிட்டது என்பது போல நினைத்தாள். வீங்கினால் உடனே வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். போனால் மறுபடி வெட்டுவார்கள், வெட்ட இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று இருந்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

தேவராஜின் அக்கா சிட்டம்மாளுக்கு எதிர்வீடு. கண்ணகிக்கு உடம்பு துடைத்துவிட வந்தவளின் கண்ணில் அது பட்டுவிட்டது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"பால் கட்டிக்கினு கீது" என்றாள்.

"எந்தக் காலத்துப் பாலு அண்ணி? சந்தியாவுக்கே கல்யாண வயசு ஆவுது."

"மார எடுத்துட்டா அந்தப் பக்கத்துப் பாலு எங்க போவும்? உள்ளயே நின்னுக்கினு கீது. நான் பாத்துக்கறேன், நீ சும்மா இரு."

சிட்டம்மாளிடம் வாதாடி ஜெயித்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை. மகள் சந்தியாவுக்குப் பிறகு கண்ணகிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் இறந்துபோனது. பிள்ளை போனது பாலுக்குத் தெரியுமா? அது பாட்டுக்குச் சுரந்து நெஞ்செல்லாம் நெறி கட்டிக்கொண்டது. அப்போது மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டி, பாலை வற்றவைத்தவள் இந்தச் சிட்டம்மாள்தான். அந்தப் பக்கத்துப் பெண்கள் செய்கிற வைத்தியம் அது. அன்றைக்குக் கண்ணகி தெருவே கூடும்படி கத்தினாள். இன்றைக்குக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

சாயங்காலம் பூ வாங்கி வந்து கட்டுவாள் சிட்டம்மாள். காலையில் அவிழ்த்தால் பூ பழுத்துத் தோலோடு ஒட்டியிருக்கும். வீக்கம் மட்டும் போகவில்லை. தோல் சிவந்து மினுமினுத்தது. ஒரகடத்துக் கம்பெனியில் வேலை செய்யும் சந்தியா லீவில் வந்தவள், "வூடெல்லாம் இன்னாம்மா பூ வாசன?" என்று கேட்டபடி தாயின் துண்டை விலக்கிப் பார்த்தாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்தில் தேவராஜ் ஆட்டோ கூப்பிட ஓடினான். சிட்டம்மாளும் வந்து ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்த நர்ஸ் பிரிஸ்கில்லா, கருகிப்போன ஒரு மல்லிகையை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோபித்துக்கொள்வதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா வந்து ஊசியைச் செலுத்தினாள்.

"வலிக்குதாம்மா?"

"தெரில."

ஊசிக்குழாயில் மஞ்சளாகத் தண்ணீர் ஏறியது. கிண்ணத்தில் ஊற்றிவிட்டு மறுபடியும் இழுத்தார்கள். கண்ணகி அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப வந்துட்ச்சா?" என்றாள்.

"எது, நோயா? இல்லம்மா. எடுத்த இடம் காலியா இருக்குல்ல, அதுல நீர் ஊறுது. நிறையப் பேருக்கு இப்படி ஆகும். மறுபடி ஊறினா மறுபடி எடுப்போம். போகப் போக நின்னுடும். பூ மட்டும் கட்டாதீங்க, சீழ் வச்சிடும்."

கண்ணகி "சரி" என்றாள். சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ரவிக்கையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

சந்தியாவும் தேவராஜும் மாத்திரை வாங்கப் போயிருந்தார்கள். சிட்டம்மாள் மட்டும் சுவரோரம் நின்றிருந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, "திரும்ப வந்துட்ச்சின்னாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லியாம். வெறும் தண்ணியாம்." சொல்லி முடித்த பிறகுதான் கண்ணகிக்கு உறைத்தது. "நீங்க பாலுன்னுதான அண்ணி சொன்னீங்க?"

"மூணு புள்ள பெத்தவ நானு. பாலு எது, கட்டி எதுன்னு எனக்குத் தெரியாதா? பாத்ததுமே கையும் ஓடல, காலும் ஓடல. பாலுன்னா கட்டறதுக்குப் பூ கீது. அந்த நோவுதான்னு சொல்லிட்டா, கட்டறதுக்கு என்கிட்ட இன்னாடி கீது?"

கண்ணகி அவள் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்த நினைப்போடு தான் ஒருத்திதான் கிடந்ததாக எண்ணியிருந்தாள். எதிர்வீட்டில் இவளும் அதையே நினைத்துக்கொண்டுதான் சாயங்காலமானால் பூ வாங்கப் போயிருக்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, அதுவரை எட்டிப் பார்க்காத பயம் இப்போது வந்து சேர்ந்தது. நடைபாதைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா ஆச்சு கண்ணகி? தலை சுத்துதா?"

"பயமா கீது அண்ணி."