நிற்காத கூட்டல் குறி

நான் கூரியர் ஆபீசில் பில் அடிக்கிறவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன் என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் குடும்பத்தில் என்னை இன்ஜினியராக்கி விட்டார்கள். யார் வீட்டில் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் என் தலைதான் உருளும். அதனால், அத்தான் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு ஜாய்ஸ்டிக் வாங்கக் கிளம்பியபோது துணைக்கு நான்தான் மாட்டினேன்.

அத்தான் என் அக்காவின் வீட்டுக்காரர். அடுக்குமாடி கட்டும் இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறார். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் தரையில் கால் வைப்பார். அங்கே அவருக்கு 'ஆகாசம்' என்று பெயர். கீழே ஆட்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நடுவில் ஒரு பெரிய கம்பிக் கட்டை யார் நகத்திலும் படாமல் இறக்கி வைப்பார். "ஆகாசம் இறக்கினா சத்தமே கேக்காதுங்க" என்று அவருடைய சூப்பர்வைசர் என்னிடமே சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு பல்பு மாட்டச் சொன்னால் மட்டும் மாதக்கணக்கில் ஆகும் என்பாள் அக்கா.

நாளெல்லாம் மேலே இருந்துவிட்டு வந்தாலும் அவருக்குத் தரை ஒத்துக்கொள்ளாது. கம்ப்யூட்டரில் சண்டை விமானம் ஓட்டும் விளையாட்டைத் திறந்துவிடுவார். அதுவரை கீபோர்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்புக்குறியைத் தட்டித் தட்டித் திரும்புவதற்குள் எதிரி பின்னால் வந்து சுட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

"நிஜமா கிரேன் லிவர் பிடிக்கிறவன்கிட்ட பட்டனைக் குடுத்தா அவன் எப்படி மாப்ளே ஓட்டுவான்?" என்பார்.

கடைக்காரர் பொறுமைசாலி. ஒன்றொன்றாக எடுத்து வைத்தார். பிடியைத் திருகினாலே விமானத்தின் வால் திரும்புகிற மாதிரி ஒன்று. வாலுக்குக் காலில் மிதிக்கிற பெடல், வேகத்துக்குத் தனியாக திராட்டில் என்று இன்னொன்று. அத்தான் எல்லாவற்றையும் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். "இது ஸ்பிரிங் லூசு. இது பிளாஸ்டிக்கு, பல்லுக் குச்சி மாதிரி இருக்கு" என்று ஒவ்வொன்றையும் தள்ளினார். கடைசியில், திருகுகிற பிடியும் கனமான அடித்தட்டும் உள்ள ஒன்று அவர் மனதுக்குப் பிடித்தது. "பெடல் வேணாமா சார்?" என்று கேட்ட கடைக்காரரிடம், "கால் சும்மா இருக்கட்டும். என் கைக்கு வேலை தெரியும்" என்றார்.

சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கிளாம்ப் போட்டு அதை இறுக்கினோம். "இனிமே தட்டை எங்க வைக்கிறது, மடியிலயா?" என்று அக்கா சத்தம் போட்டாள். நான் ஒயரைச் சொருகி, எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று ஒதுக்கினேன். விரலுக்குத் துப்பாக்கி, கட்டைவிரலுக்குக் குண்டு. பிறகு சரிபார்க்கும் பக்கத்தைத் திறந்தேன். அதில் ஒரு சதுரம், நடுவில் ஒரு கூட்டல் குறி. ஸ்டிக் சாய்கிற பக்கம் குறியும் போகும், ஸ்டிக் நின்றால் குறியும் நிற்கும்.

அத்தான் பிடித்தார். குறி நிற்கவில்லை. நடுவில் வைத்திருக்கும்போதே நடுங்கிக்கொண்டிருந்தது. விளையாட்டைத் திறந்தால் அதே கதை. எதிரி விமானம் கண்ணுக்கு நேரே இருந்தும் குண்டெல்லாம் நாலா பக்கமும் சிதறியது.

"ஏமாத்திட்டான்டா. ஓட்டை ஸ்டிக்கை நம்ம தலையில கட்டிட்டான்."

நானும் நம்பினேன். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி மாற்றி வந்தேன். புதியதும் நடுங்கியது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டே தீருவது என்று அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் சண்டைக்கு வரவில்லை. ஸ்டிக்கைத் தன் கம்ப்யூட்டரில் சொருகிப் பிடித்தார். குறி அசையவில்லை. என்னைப் பிடிக்கச் சொன்னார். அப்போதும் அசையவில்லை.

"சார், நீங்க பிடிங்க" என்றார் அத்தானிடம்.

அத்தான் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். "பரவாயில்லீங்க. எங்க வீட்டு கரன்ட்லதான் ஏதோ கோளாறு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தான் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். ஸ்டிக்கைப் பெட்டியில் போட்டுக்கொண்டே கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "செட்டிங்ஸ்ல டெட் சோன்னு ஒண்ணு இருக்கும். கூட்டி வைங்க. சின்ன அசைவை அது கண்டுக்காது."

திரும்பும்போது பஸ்ஸில் அத்தான் முன் சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்திருந்தார். விடிந்தால் அந்தக் கைதான் அத்தனை பேர் தலைக்கு மேல் இரும்பைத் தூக்கப்போகிறது.

வீட்டுக்குப் போனதும் சமையலறைக்குள் புகுந்து அக்காவிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு முழு டம்ளர், அத்தானுக்கு அரை டம்ளர். இதை வைத்து அவளைக் கஞ்சப் பிசினாறி என்று எத்தனையோ நாள் கிண்டல் செய்திருக்கிறேன்.

"முழுசா ஊத்தினா சிந்திடும்டா" என்றாள். "நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன். டாக்டர்கிட்ட போனா கை நடுங்குதுன்னு எழுதிக் குடுத்துடுவாரு, அப்புறம் மேல ஏத்த மாட்டாங்கன்னு பயப்படுறாரு. நீயாவது சொல்லிப் பாரேன்."

சொல்லிப் பார்த்தேன்.

"ஸ்டிக்கைப் பாருன்னா என் கையைப் பாக்குறியே. வீட்டு ஒயரிங்கைப் பாருடா மொதல்ல!" என்று எரிந்து விழுந்தார்.

சூப்பர்வைசர் நம்பர் என்னிடம் இருந்தது. அந்த வாரம் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு எத்தனை முறை போனை எடுத்து எடுத்து வைத்தேன்! சொன்னால் அத்தானின் சோற்றில் மண். சொல்லாமல் இருந்து ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஆம்புலன்ஸ் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு அத்தானின் கிரேன்தான் நினைவுக்கு வந்தது. இப்படிக் கையாலாகாதவனாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். டெட் சோனைக் கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். குறி நின்றது. அத்தான் பிடித்திருக்கும்போதே நடுவில் அப்படியே நின்றது.

"பாத்தியா! கையில ஒண்ணும் இல்லைன்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்று கத்தினார். உட்கார்ந்து ஓட்டினார். ஒரு விமானத்தின் வாலைப் பிடித்து விடாமல் துரத்திச் சுட்டு வீழ்த்தினார். அக்கா கரண்டியோடு ஓடிவந்து கைதட்டினாள். அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படி என்னதான் மாப்ளே பண்ணின?"

"சின்னச் சின்ன ஆட்டத்தை எல்லாம் ஸ்டிக் கணக்குல எடுத்துக்காது அத்தான். வேணும்னு தள்ளினாத்தான் கேக்கும்."

அவர் ஸ்டிக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. திரையில் குறி ஆடாமல் நின்றது. அதைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டிருந்தது.

"மேல இருக்கிற லிவருக்கும் இதைப் பண்ண முடியுமா?"

"எனக்குத் தெரியாது அத்தான்" என்றேன். நிஜமாகவே தெரியாது.

"போன வாரம் ஒரு கம்பிக் கட்டு ஆடிடுச்சு" என்றார். "கீழ இருந்த பையன் குனிஞ்சுட்டான். நிமிர்ந்து என்னைப் பாத்துச் சிரிச்சுக் கையாட்டினான். காத்துன்னு நெனச்சிருப்பான்."

அக்கா கரண்டியை மேசையில் வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து விரலால் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"சூப்பர்வைசருக்குப் போடு மாப்ளே. நாளைக்கு நான் ஏறலைன்னு சொல்லணும். இந்தப் போன் சரியில்ல, வேற வேற நம்பரா விழுது."

"ஆமா அத்தான், பழைய போன்" என்றேன். நம்பரைப் போட்டு, அவர் காதோரம் நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.