வெடியைக் காலால் எண்ணிய முனிரத்தினம் அண்ணன்

முனிரத்தினம் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து அழுதாள்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. திருத்தணி பக்கம் ஒரு கல் குவாரியில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, அங்கே சிவப்புக் கொடி பிடித்தவர். மதியம் வெடி வைக்கும் நேரத்தில் விசில் ஊதி, ஆர்.கே.பேட்டை பஸ் முதல் ஆடு மேய்ப்பவர் வரை எல்லாரையும் நிறுத்திவிடுவார்.

ஒரு ஆடிக் கிருத்திகைக்கு, ஆந்திராவிலிருந்து காவடியோடு நடந்து வந்த கூட்டத்தையே நிறுத்தினார். "முருகன் எங்கயும் போவ மாட்டாரு, ரெண்டு நிமிஷம் நில்லுங்க சாமி" என்று தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. அவர்கள் சிரித்துக்கொண்டே அவர் நெற்றியில் விபூதி பூசிவிட்டுப் போனார்கள்.

பல வருஷம் வெடிச்சத்தத்திலேயே நின்று காது சுத்தமாகப் போய்விட்டது அவருக்கு. ஆனால் பாறையில் துளைத்து மருந்து வைத்த குழிகளில் எத்தனை வெடித்தது என்று எண்ணுவதும் அவர் வேலைதான்! கணக்கு சரியாக வந்தால்தான் யாரும் பள்ளத்தில் இறங்கலாம்.

திரி பற்ற வைத்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறைமேல் நிற்பார். சாமி கும்பிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளங்காலில் அதிர்வதை வைத்து எண்ணுகிறார் என்று சேகர் சொன்னபோது நம்பவில்லை. சேகர் எங்கள் பொக்லைன் ஆபரேட்டர்.

ஒரு நாள் பதினான்கு குழி. ஜல்லி வராமல் அரக்கோணத்தில் கான்கிரீட் வேலை நிற்கிறது என்று போன் மேல் போன். நான் பதினான்கு எண்ணினேன், வெடி வைத்தவரும் பதினான்கு என்றார்.

"பதிமூணுதான் நைனா. ஒண்ணு உள்ளயே கீது" என்றார் அண்ணன்.

எனக்கு வந்ததே கோபம். "காதே கேக்காத ஆளு கணக்கு சொல்ல வந்துட்டியா? தள்ளுய்யா!" எல்லார் முன்னாலும் கத்தினேன். காதில் விழுந்திருக்காது... ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நேராகப் போய் பொக்லைன் முன்னால் நின்றுகொண்டார். சேகர் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டான். "அண்ணன் வாணான்னா நான் எறங்க மாட்டேன் சார்."

காத்திருந்து, வெடி வைத்தவர் தனியாகப் போய்ப் பார்த்தார். ஓரத்துக் குழியில் திரி பாதியில் அணைந்து, மருந்து அப்படியே இருந்தது. பொக்லைன் பக்கெட் அதில் பட்டிருந்தால்... சேகருக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்தான் அப்போது.

சாயந்திரம் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன்... டிரம் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் முதுகுக்குப் பின்னால் நின்று, மெதுவாகக் கேட்டேன். அவருக்குக் கேட்காது என்று தெரிந்தேதான் கேட்டேன். சீ!

அதற்குப் பிறகும் ரெண்டு வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். தினமும் "சாப்ட்டியா நைனா" என்பார். முகம் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இன்று அவர் வீட்டில் அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். "அன்னிக்கு அப்டி பேசினது தப்புண்ணே."

பக்கத்தில் நின்ற மகள் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். "என்னிக்குண்ணா? அப்பா உங்களப் பத்தி நல்லாத்தான சொல்லுவாரு..."

பாத்துப் போங்க முனிரத்தினம் அண்ணே.